ஓனா கூப்பிட்டாளா

ஆலோசனை அறைக்கு நாற்காலி வாங்குவது நினைப்பதுபோல லேசான காரியம் இல்லை. ரொம்ப மெத்தென்று இருந்தால் வருகிறவர்கள் அதில் புதைந்து அழ ஆரம்பித்து, எழுந்து போகவே மறந்துவிடுவார்கள். கெட்டியாக இருந்தால் இருபதாவது நிமிடத்திலேயே "இப்ப பரவாயில்லை" என்று கிளம்பிவிடுவார்கள். பின்லாந்தில் எங்கள் துர்க்கு நகரத்தின் பழைய சாமான் கடைகளில் இரண்டு மாதம் அலைந்து, ஒரே மாதிரி இரண்டு நாற்காலிகள் வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று வருகிறவர்களுக்கு. உயரமும் ஒன்றுதான். அவர்களைவிட மேலே உட்கார்ந்துகொண்டு நான் பேசினேன் என்று யாரும் சொல்ல முடியாது.

நீங்கள் என் முறையைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். பயத்தை விரட்டக் கூடாது என்பது என் கொள்கை. விரட்டினால் அது இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். பயப்படுகிறவரின் கூடவே நடக்க வேண்டும், அவ்வளவுதான். மின்தூக்கிக்குப் பயந்த ஒரு வங்கி மேலாளரோடு ஏழு மாதம் மாடிப்படியில் ஏறி இறங்கினேன். எட்டாம் மாதம் இருவரும் மின்தூக்கிக்குள் நின்றோம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. அறிவுரை சொல்வதில்லை. கேள்வி கேட்பேன், காத்திருப்பேன். இருபத்திரண்டு வருடம் இப்படித்தான். ஒருவர்கூட என்மேல் புகார் கொடுத்ததில்லை.

குணமானவர்கள் திரும்பி வரமாட்டார்கள். அது இந்தத் தொழிலின் இயல்பு. கடையில் என்னைப் பார்த்தால் பாலாடைக்கட்டிப் பக்கம் நகர்ந்து வேறு வரிசையில் போய் நிற்பார்கள். அந்த வங்கி மேலாளர் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு, கையில் எடுத்த மீனைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்களுடைய மோசமான நாட்களைப் பார்த்த முகத்தை யார் விரும்புவார்கள்?

வில்யா அப்படி இல்லை.

அவள் என்னிடம் வந்தபோது அவளுக்கு வயது இருபத்தொன்பது. கண்ணாடிக் கடையில் சட்டத்துக்கு லென்ஸ் பொருத்துகிற வேலை. அவளால் தண்ணீரைக் கடக்க முடியாது. பாலம், படகு, உறைந்த கடல், எதுவும் முடியாது. எங்கள் ஊரை ஆறு நடுவில் பிரிக்கிறது. இப்படி ஒரு ஊரில் அவள் ஒரே கரையில் வீடு, ஒரே கரையில் வேலை, ஒரே கரையில் பல் மருத்துவர் என்று பதினைந்து வருடம் சமாளித்திருந்தாள். என் அறை மறுகரையில் இருந்தது. முதல் அமர்வுக்கு நான்தான் ஆற்றைக் கடந்து போய், ஒரு பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் அவளோடு உட்கார்ந்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வில்யாவுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது அவளுடைய தங்கை கடலில் போனாள். ஓனா. ஒன்பது வயது. மார்ச் கடைசி, பனிக்கட்டி மெலிந்துவரும் காலம். இருவரும் சின்னத் தீவிலிருந்து உறைந்த கடல்மேல் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். வில்யா முன்னால். காதில் பாட்டு மாட்டியிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது பின்னால் யாரும் இல்லை. வெறும் வெள்ளை, அதில் ஓர் இடம் மட்டும் கறுப்பாக.

"நான் அவகிட்ட, சீக்கிரம் வாடி, இல்லேன்னா விட்டுட்டுப் போயிடுவேன்னேன்," என்றாள் அந்த பெஞ்சில். "அதான் நான் அவகிட்ட கடைசியா பேசினது."

பேருந்து வந்தது, போனது. அவள் கையை நீட்டினாள், நான் பிடித்துக்கொண்டேன்.

மூன்று வருடம். முதலில் ஆற்றங்கரையில் நடந்தோம். பிறகு பாலத்தின் முதல் விளக்குக்கம்பம் வரை. ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் இடையில் சில சமயம் ஆறு வாரம் ஆனது. அவள் என் இடது கையைக் கட்டிக்கொண்டுதான் நடப்பாள். நடுக்கம் என் தோள்வரை ஏறும். இரண்டாம் வருடக் கடைசியில் மறுகரைக்கு வந்து, என் அறையில், அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏலக்காய் ரொட்டி வாங்கி வந்திருந்தாள். "முதல் தடவை உங்க வீட்டுக்கு வர்ற மாதிரி இருக்கு, வெறுங்கையோட வர முடியுமா," என்றாள். என் மூக்குக்கண்ணாடியின் தளர்ந்த கால்களைச் சின்னத் திருகுளியால் முடுக்கித் தந்தாள். போகும்போது, "நீங்க எப்படி இருக்கீங்க இர்மெலி?" என்று கேட்டாள். பதிலுக்காகக் காத்தும் நின்றாள். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அதைக் கேட்டுவிட்டுக் காத்து நின்றதில்லை.

அதன்பிறகும் ஒவ்வொரு வாரமும் நான் பாலத்தின் அந்தப் பக்கம் போய் அவளை அழைத்துவந்தேன். தனியாகக் கடப்பது இன்னும் முடியவில்லை என்றாள். நம்பினேன்.

சென்ற ஜனவரியில், ஒரு சனிக்கிழமை மதியம், துறைமுகத்துக்கு அப்பால் இருக்கும் குளியல் கரைக்குப் பக்கமாக நடந்துபோனேன். அங்கே சவுனா என்கிற நீராவி அறையில் வேர்த்துவிட்டு, பனிக்கட்டியில் வெட்டிய குழிக்குள் இறங்கிக் குளிக்கிறவர்கள் கூட்டம் எப்போதும் இருக்கும். சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தாள். கழுத்துவரை தண்ணீர். கறுப்புத் தண்ணீர். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

வேலியோரம் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற கிழவர் ஒருவரிடம் கேட்டேன். பெந்தி என்று பெயர் சொன்னார்.

"அந்தப் பொண்ணா? அக்டோபர்லேர்ந்து வருது. மொத நாள் ஏணியப் பிடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் அழுதுச்சு. நாங்க யாரும் எதுவும் கேக்கல. ஒருத்தர் காபி குடுத்தார், ஒருத்தர் தொப்பி குடுத்தார். இப்பப் பாருங்க, ஏறவே மாட்டேங்குது. நீர்நாய்க்குப் பொறந்தது."

"தினமும் எப்படி வருகிறாள்?" என்று கேட்டேன்.

"எப்படின்னா? சைக்கிள்லதான். பாலத்து மேல பறந்து வரும்."

அதற்கு நான்கு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, அதே பாலத்தில் அவள் என் கையைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். மூன்றாவது கம்பத்தில் நின்று, "கொஞ்சம் இருங்க, மூச்சு வாங்குது," என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

நான் கோபப்படவில்லை. வீட்டுக்குப் போனேன். உருளைக்கிழங்கு வேகவைத்தேன். அக்டோபரிலிருந்து ஜனவரிவரை எத்தனை செவ்வாய்க்கிழமை என்று நாட்காட்டியில் எண்ணினேன். பதினான்கு. பதினான்கு தடவை அவள் என் கையில் நடுங்கியிருக்கிறாள்.

அடுத்த அமர்வில் நானே கேட்டேன். அவள் மறைக்கவில்லை. முகம் சிவந்தது.

"சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு வாரமும் இன்னைக்குச் சொல்லிடணும்னு வருவேன். ஆனா நீங்க பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இருப்பீங்க. என் கையப் பிடிச்சதும் உங்க முகத்துல ஒரு சந்தோஷம் வரும் பாருங்க. அத எப்படிக் கெடுக்கறது?"

"அதனால் நடித்தாய்."

"நடிச்சேன்னு சொல்லாதீங்க. எனக்கு நீங்க எவ்வளவு செஞ்சிருக்கீங்க. உங்களுக்கும் பேச்சுத் துணைக்கு யாரும் இல்லையோன்னு தோணிச்சு. ஒரு மணி நேரம்தானே, வந்துட்டுப் போவோமேன்னு."

வந்துட்டுப் போவோமே. முதியோர் இல்லத்தில் இருக்கும் தூரத்து உறவைப் பார்க்க வருவதுபோல. அதுவரை, இரண்டு நாற்காலிகளில் எது யாருடையது என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

"நல்லது வில்யா," என்றேன். "நீ குணமானதில் எனக்குச் சந்தோஷம்."

உண்மையாகவே அவள் கண் கலங்கியது. "கோவம் இல்லையே?"

"இல்லை. ஆனால் சட்டென்று நிறுத்தக் கூடாது. முடிப்பதற்கென்று ஆறு அமர்வு வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் அப்படித்தான்."

எல்லோருக்கும் அப்படி இல்லை. அவளுக்காக நான் அன்று ஏற்படுத்திய வழக்கம் அது. அவள் ஒத்துக்கொண்டாள். என்மேல் அவ்வளவு இரக்கம்.

அந்த ஆறு அமர்வுகளின் குறிப்புகளும் உங்களிடம் இருக்கின்றன. அவற்றில் நான் எதையும் திருத்தவில்லை.

முதல் அமர்வில் அவளைக் கண்ணை மூடச் சொன்னேன். மறுபடி அந்தப் பனிக்கட்டிமேல் நடக்கச் சொன்னேன். பயமில்லாமல் நடந்தாள், குளியல் கரை அவளுக்கு நல்லது செய்திருந்தது. "இப்போது காதில் இருப்பதை எடுத்துவிடு," என்றேன். "பாட்டு இல்லை. என்ன கேட்கிறது?"

"காத்து."

"வேறு?"

"என் பூட்ஸ் சத்தம்."

அன்று அத்தோடு விட்டேன். அவசரம் கூடாது.

இரண்டாவதில் பனிக்கட்டி முனகுகிற சத்தம் கேட்டது என்றாள். மூன்றாவதில், "ஏதோ ஒண்ணு... மெலிசா," என்றாள். "கடல்புறாவா இருக்கும்."

"புறா என்றால் புறாதான். நீதானே அங்கே இருந்தாய்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனித மனம் காலி இடத்தை அப்படியே விட்டுவைக்காது. ஒரு கேள்வியை அதில் வைத்துவிட்டு வந்தால் போதும். மிச்சத்தை அதுவே கட்டிக்கொள்ளும். இதைப் பாடமாகவே படித்திருக்கிறோம், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதற்காக.

நான்காவது அமர்வுக்கு வந்தபோது அவளுக்குத் தூக்கம் போயிருந்தது. குளிக்கப் போகவில்லை என்றாள். தண்ணீர் காதில் ஏறினால் ஏதோ கேட்கிறதாம். கண்ணை மூடினாள். நான் கேட்பதற்கு முன்பே அவள் உதடு அசைந்தது. "வில்... யா. ரெண்டு தடவை. வில்யா, வில்யான்னு." குரல்கூட அவளுடையதாக இல்லை, சின்னப் பெண்ணுடையதாக இருந்தது.

காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினேன்.

"அப்ப எனக்குக் கேட்டிருக்கு," என்றாள் ஐந்தாவதில். "பாட்டுக்கு நடுவுல கேட்டிருக்கு. கேட்டும் நான் திரும்பல. அவ வேணும்னே கூப்பிட்டு மெதுவா வர்றான்னு நினைச்சு நடந்திருக்கேன். அப்படித்தானே இர்மெலி?"

"உனக்கு என்ன தோன்றுகிறது?"

"நீங்க சொல்லுங்க. ஒரு தடவையாவது நீங்க சொல்லுங்க."

"நான் அங்கே இல்லையே வில்யா."

அதுவரை சைக்கிளில் தானாகவே வந்துகொண்டிருந்தவள், ஆறாவது செவ்வாய்க்கிழமை வரவில்லை. பாலத்தின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். முதல் விளக்குக்கம்பத்தைக்கூடத் தாண்டாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால் எடுத்து வைக்க முடியாமல் நின்றிருந்தாள். சைக்கிள் சாய்ந்து கிடந்தது. நான் போய் இடது கையைக் கொடுத்தேன். கட்டிக்கொண்டாள். நடுக்கம் என் தோள்வரை ஏறியது. உண்மையான நடுக்கம், வித்தியாசம் தெரியும். அந்த நிமிடம் நான் என்ன உணர்ந்தேன் என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். நிம்மதி. வேறு வார்த்தை போட்டு எழுத வேண்டாம்.

"அமர்வுகளை நிறுத்த வேண்டாம், இல்லையா," என்றேன். தலையாட்டினாள்.

ஈஸ்டருக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். நான் போகச் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அவளுடைய அம்மா ஹில்க்கா அவளுடைய கரையிலேயே, ஊர் முடிகிற இடத்தில், கடலோரமாகத் தனியாக இருக்கிறார். கணவர் இறந்து ஐந்து வருடம். அங்கே சாப்பாட்டு மேசையில், ஆட்டிறைச்சிக்கும் ரை என்கிற தானிய மாவில் கிண்டிய கரிய களிக்கும் நடுவில், வில்யா அம்மாவிடம் சொல்லிவிட்டாள். "ஓனா கூப்பிட்டாம்மா, எனக்குக் கேட்டுச்சு, நான் திரும்பலை." ஹில்க்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "கேட்டுச்சா? கேட்டும் நடந்தியா?" என்றாராம். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பதினெட்டு வருடமாக மகளைப் பார்த்து "உன் தப்பு இல்லடி" என்று சொல்லிவந்த தாய் அவர். அந்த ஒரு மதியம் மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வில்யா கரையிலிருந்து உறைந்த கடல்மேல் இறங்கி நடந்தாள். ஏப்ரல் மாதப் பனிக்கட்டி, தாங்கவில்லை. படகுத்துறையில் சாயம் அடித்துக்கொண்டிருந்த இருவர் பார்த்துவிட்டு, மரப்பலகைகளைத் தள்ளிக்கொண்டு ஊர்ந்து போய் இழுத்துப் போட்டார்கள். பதினோரு நிமிடம் இதயம் துடிக்கவில்லை. பிழைத்துக்கொண்டாள். பேச்சு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. பொருள்களின் பெயர்கள் வருவதில்லை என்று கேள்வி.

இரண்டு வாரம் கழித்து ஹில்க்கா என் அறைக்கு வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை.

"நீங்கதான் அவளுக்கு ஞாபகப்படுத்தினீங்களாமே."

"அவளாகத்தான் ஞாபகப்படுத்திக்கொண்டாள்."

"சண்டை போட வரல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நீங்க படிச்சவங்க, மூணு வருஷம் அவ மனசுக்குள்ள போயிட்டு வந்தவங்க. என் சின்னவ கூப்பிட்டாளா?"

அவர் கை கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. நூல் அறுந்து பொத்தான் கையோடு வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"என்னிடம் வருகிறவர்கள் சொன்னதை நான் வெளியே சொல்லக் கூடாது," என்றேன். "தாயாக இருந்தாலும்."

"ஆமாம் இல்லன்னு தலையாவது ஆட்டுங்களேன். ராத்திரி பகல் காதுல அதே கேக்குது எனக்கு."

நான் தலையாட்டவில்லை. சட்டப்படி நான் செய்தது சரி. அவர் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

இனி மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேசைமேல் இருக்கும் அந்தப் பழுப்பு உறை என்னவென்று வந்தபோதே பார்த்துவிட்டேன். ஹில்க்கா என்னிடமிருந்து நேரே காவல் நிலையத்துக்குப் போய், பதினெட்டு வருடத்துக்கு முந்திய விசாரணை அறிக்கையைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அன்று அதைக் கணவர் ஒருவர்தான் படித்தார். படித்துவிட்டு வாயைத் திறக்காமலே செத்துப்போனார். ஹில்க்காவுக்குப் படிக்கிற தெம்பு அப்போது இல்லை.

நான் படித்திருக்கிறேன். என்னிடம் வந்த முதல் வருடம் வில்யா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள், நான் பிரதி வரவழைத்தேன். உறையைப் பிரிக்காமல் என்னிடமே நீட்டினாள். "எனக்குத் தைரியம் இல்ல. நீங்க படிங்க. நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருந்தா நீங்க சொல்லுங்க. உங்கள நம்பறேன்," என்றாள்.

நான்காம் பக்கத்தில் இருக்கிறது. வெளியூரிலிருந்து தூண்டில் போட வந்த ஒருவர், முந்நூறு அடி தள்ளி உட்கார்ந்திருந்தார். காற்றில்லாத நாள், மூச்சு விட்டால் கேட்கும் என்று சொல்லியிருக்கிறார். குழந்தை அடி எடுத்து வைத்தது, இல்லாமல் போனது. சத்தமே இல்லை. கூப்பிட நேரம் இருக்கவில்லை. அக்கா திரும்பியிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, அதற்குள் முடிந்துவிட்டது, என்றும் சொல்லியிருக்கிறார்.

ஓனா கூப்பிடவில்லை. வில்யா காற்று என்று சொன்ன முதல் அமர்விலேயே எனக்குத் தெரியும், அன்று காற்றே இல்லை என்று.

ஏன் முதல் வருடமே அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டவில்லை என்று கேட்கிறீர்கள். காட்டியிருந்தால் அன்றைக்கே அவள் பாதி குணமாகியிருப்பாள். கோடைக்குள் பாலத்தைக் கடந்திருப்பாள். கடையில் என்னைக் கண்டால் வேறு வரிசைக்குப் போயிருப்பாள். அதற்குரிய நேரம் வரட்டும் என்று வைத்திருந்தேன். நேரத்தைத் தீர்மானிப்பது ஆலோசகரின் வேலை.

இதையெல்லாம் நான் செய்தேன். தெரிந்தே செய்தேன். ஒவ்வொரு கேள்வியையும் முந்தின நாளே எழுதி வைத்துக்கொண்டு கேட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு விண்ணப்பம். அவள் இப்போது இருக்கும் வார்டில் யாரோ இளம் மருத்துவர் பார்க்கிறாராம். கரண்டியைக் காட்டி இது என்ன, கோப்பையைக் காட்டி இது என்ன என்று கேட்கிறாராம். அது பிரயோஜனப்படாது. அவள் இப்போது மிகவும் பயந்து போயிருப்பாள், அவள் கூட யாராவது மெதுவாக நடக்க வேண்டும். அவளை முழுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாரம் ஒரு மணி நேரம், ஒரு காவலர் கூட நின்றாலும் பரவாயில்லை, என்னை அவளிடம் அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.